இரண்டு அங்குலம்

அண்ணனின் பொலிரோ பிக்கப் லோடு இல்லாதபோதுகூடப் பின்பக்கம் உட்கார்ந்தேதான் நிற்கும். வாசலில் அது நிற்பதைப் பார்த்தால் முன்னங்கால்களை ஊன்றி உட்கார்ந்திருக்கும் நாயின் ஞாபகம் வரும். 2017இல் ஃபைனான்சில் எடுத்தது. சித்திரை வைகாசியில் நெல் மூட்டைகளோடு செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கும், பிறகு மல்லாட்டை மூட்டைகளோடு அவலூர்பேட்டைக்கும் சேத்துப்பட்டுக்கும் ஓடும். மாதம் ஒருநாள், அமாவாசைக்கு, மேல்மலையனூருக்கு.

ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருப்பது கிட்டத்தட்ட ஒன்றரை டன். ஒரு நெல் மூட்டை 75 கிலோ என்றால் 20 மூட்டை. அண்ணன் 32 ஏற்றுவான். "எல்லாரும் அப்பிடித்தான்டா ஏத்துறான். 20 ஏத்துனா டீசலுக்கே பத்தாது." அந்தக் கணக்கில் தப்பு இல்லை. நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன ஆனி மாதம் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். வீட்டிலிருந்தே வேலை, மாலை ஐந்துக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி ஓடும் அமெரிக்க மீட்டிங்குகள். பகலெல்லாம் சும்மா. சும்மா இருக்கும் இன்ஜினியரைப் போல வீட்டுக்கு ஆபத்தானவன் யாரும் இல்லை. முதலில் மோட்டாருக்கு டைமர் போட்டேன். அப்புறம் இன்வெர்ட்டர் ஒயரை மாற்றினேன். மூன்றாவதாகப் பிக்கப் கண்ணில் பட்டது.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டி நான்கைந்து தடவை ஆடிவிட்டுத்தான் அடங்கியது. தொட்டியின் ஓரத்தைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டேன். நல்ல சாக் என்றால் ஒருதடவை மேலே வந்து அப்படியே நின்றுவிட வேண்டும். இது ஊஞ்சல் மாதிரி போய்வந்தது. கீழே குனிந்து பார்த்தால் இரண்டு பின் சாக்கிலும் ஆயில் கசிந்து, அதன்மேல் மண் அப்பிக் கறுப்பாக இருந்தது.

"சாக் போயிடுச்சுண்ணா."

"அது போயி ரெண்டு வருஷம் ஆவுது."

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரி. 2008இல் சேர்ந்தேன், இரண்டாவது வருடத்தில் அப்பா போய்விட்டார். அப்போது அண்ணனிடம் இருந்தது செகண்ட் ஹேண்ட் டாடா ஏஸ், குட்டியானை. இரண்டே சிலிண்டர், 700 சிசி டீசல் இன்ஜின். 2005இல் அது சந்தைக்கு வந்த சில வருடங்களிலேயே எங்கள் பக்கத்தில் மாட்டு வண்டி செய்துகொண்டிருந்த வேலையில் பாதியை எடுத்துக்கொண்டது. என் மிச்ச ஐந்து செமஸ்டர் ஃபீஸும் அதில்தான் வந்தது. அமாவாசைக்கு மறுநாள் அண்ணன் கல்லூரி அக்கவுண்டில் பணம் கட்டுவான். ஏன் அமாவாசைக்கு மறுநாள் என்று அப்போது நான் கேட்டதில்லை. தெரியாமல் இல்லை.

படிப்பு முடிந்து ஒருநாள்கூட நான் ஸ்பேனர் பிடித்து வேலை செய்தது கிடையாது. எங்கள் பேட்ச்சில் பாதிப் பேர் அப்படித்தான் கோடு எழுதப் போனோம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் 'குவார்ட்டர் கார் மாடல்'. ஒரு வண்டியில் கால் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது: ஒரு சக்கரம், ஒரு ஸ்பிரிங், ஒரு டேம்பர், மேலே கொஞ்சம் எடை. மேடு ஏறினால் எடை எவ்வளவு நேரம் ஆடும் என்று கணக்குப் போட வேண்டும். சென்னையில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் மூன்று பேர் சேர்ந்து காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் அது. ஆனாலும் வைவாவுக்காக நான் ஒழுங்காகப் படித்தேன். அந்தச் சமன்பாடு இன்னும் மனப்பாடம்.

அதனால் ஒன்று தெரியும். சாக் அப்சார்பர் என்பது பெயர்ப் பிழை. தமிழ்ப் பாடப்புத்தகம் அதை அப்படியே 'அதிர்வு உறிஞ்சி' ஆக்கிவிட்டது. அதிர்வை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங், எங்கள் வண்டியில் பின்னால் இருக்கும் பட்டைகள். வாங்கிய பட்டை சும்மா இருக்காது, திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும். அந்தக் கொடுக்கல் வாங்கலை நிறுத்தி வைப்பதுதான் சாக்கின் வேலை. உள்ளே ஆயில், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகளும் வால்வுகளும். ஆயில் அந்த ஓட்டைகள் வழியாகத் திணறிப் போகும்போது ஆட்டம் சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஓடி வந்த வண்டியின் சாக்கைத் தொட்டால் கை சுடும். எடையை அது சுமப்பதே இல்லை. எவ்வளவு தடியான சாக் போட்டாலும் தொங்கிய வண்டி நிமிராது.

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டம் வண்டியை உயர்த்துவதைப் பக்தியாகவே செய்கிறது. வீட்டு கராஜில் சனிக்கிழமை காலையில் காபியோடு ஆரம்பித்து மதியத்துக்குள் இரண்டு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். அங்கே பல பிக்கப்களில் முன்பக்கம் சாக்கைச் சுற்றியே காயில் ஸ்பிரிங் இருக்கும். சாக்கின் உடம்பில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை ஒரு பள்ளம் மேலே தள்ளி வைத்தால் வண்டி உயரும். 'லிஃப்ட் சாக்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அங்கேயும் தூக்குவது ஸ்பிரிங்தான், பெயர் மட்டும் சாக்குக்குப் போகிறது. என்னோடு வேலை செய்யும் ஒருவர் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வைத்திருக்கிறார், நம் எல்லையைத் தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில் செய்த வண்டி. அதை உயர்த்தி, பெரிய டயர் மாட்டி, வாரக் கடைசியில் சக்லேஷ்பூர் பக்கம் சேற்றில் இறக்குவார். சேறு தேடிப் போகிறவர்கள் வண்டியைத் தூக்குகிறார்கள். எங்கள் பக்கத்தில் மூட்டை ஏற்றி உட்கார்ந்துபோன வண்டியை எழுப்பி நிறுத்தத் தூக்குகிறார்கள்.

திட்டம் இதுதான். பின்னால் ஒரு பட்டை கூடுதலாக ஏற்றுவது, வண்டி இரண்டு அங்குலம் உயரும். அப்படி உயர்ந்தால் பழைய அளவு சாக் எட்டாது; சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சாக் முழுசாக நீண்டு 'டொக்' என்று இடிக்கும். அதனால் நீளமான கேஸ் சாக். செஞ்சியில் ஒரு பட்டறையில் பட்டை ஏற்றினார்கள், சாக்கை நான் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டுக்கும் காசு என்னுடையது. அதைச் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்தது. ஐந்து செமஸ்டருக்கு எதிரில் ஒரு பட்டையும் இரண்டு சாக்கும்.

சட்டமும் எனக்குத் தெரியாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியை உற்பத்தியாளர் குறித்த அளவிலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருடம் வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை. அண்ணனிடம் சொன்னேன். "எஃப்சிக்குப் போம்போது கழட்டிக்கலாம்" என்றான். மூட்டைக் கணக்கே சட்டத்துக்கு வெளியில் இருக்கும்போது பட்டைக் கணக்கைப் பேசுவது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பட்டை ஏற்றிய அன்று பட்டறைக்காரர் அண்ணனிடம் ஒன்று சொல்லி அனுப்பியிருக்கிறார்: "சாக் மாட்டுனப்புறம் ஒருதபா கொண்டாந்து காட்டு. கீழ கம்பி ஒண்ணு செட் பண்ணணும்."

அண்ணன் வந்து என்னிடம் சொன்னான். "எதுக்கு இன்னொரு நாள் லோடு விட்டுட்டு அலையணும், நாம பாத்துக்கலாம்" என்றேன். எந்தக் கம்பி என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். காபி இருந்தது. கராஜ் இல்லை, நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம். முன் சக்கரங்களுக்கு அண்டைக் கல், கியரில் நிறுத்தி ஹேண்ட் பிரேக். ஹவுசிங்குக்குக் கீழே ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது என்று இரண்டு பக்கமும் புளியமரத் துண்டுகளை அடுக்கினான் அண்ணன். முந்தின நாள் ராத்திரியே நட்டுகள் மேல் டீசல் ஊற்றி வைத்திருந்தோம். மூன்று கழன்றன. இடதுபக்க மேல் நட்டு அசையவில்லை. நான் ஸ்பேனரைப் பிடித்து இழுக்க, அது வழுக்கி முட்டி தேய்ந்தது. அண்ணன் ஒரு ஜிஐ பைப்பை எடுத்துவந்து ஸ்பேனர் முனையில் செருகி, அவசரமே இல்லாமல் உடம்பின் எடையை மெல்ல மெல்ல அதன்மேல் சாய்த்தான். 'கிரீச்' என்று ஒரு சத்தம். பலம் எங்கே வேண்டும், பொறுமை எங்கே வேண்டும் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது.

கழற்றிய சாக்கைக் கையால் அமுக்கினேன். உள்ளே போனது, போன இடத்திலேயே நின்றது. செத்த பாம்பு மாதிரி. உடம்பில் இருந்த மண்ணைத் துடைத்தால் கேப்ரியல் என்ற எழுத்து. இந்தியாவில் 1961இலிருந்து சாக் செய்யும் கம்பெனி. பெயர் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்தது. கிளீவ்லேண்டில் கிளாட் ஃபாஸ்டர் என்பவர் கார்ப் புகையில் ஊதும் ஹாரன் ஒன்றைச் செய்து, கொம்பு ஊதும் தேவதூதர் காபிரியேலின் பெயரை வைத்தார். பிறகு அதே கம்பெனி சாக் செய்யப் போயிற்று. இதை நான் அண்ணனிடம் சொன்னபோது, "அந்த நட்டை இங்க குடு" என்றான்.

புது சாக்குகள் அமுக்கிய நிலையில் பட்டி போட்டு வரும். அண்ணன் மகன் கத்தரிக்கோலால் பட்டியை வெட்டியதும் உள்ளே இருக்கும் நைட்ரஜன் அழுத்தத்தில் கம்பி தானாக, ரொம்ப நிதானமாக நீண்டது. "சித்தப்பா, உயிரு இருக்குது" என்று பின்னால் நகர்ந்தான். மேல் கண்ணை மாட்டி, ஜாக்கியை ஏற்றியிறக்கிக் கீழ்க் கண்ணை நேராக்கி, போல்ட்டைச் செருகினோம். இங்கே எனக்குத் தெரிந்த ஒன்று உதவியது: கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ், சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் முறுக்கியே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை வந்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். அண்ணன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காக எத்தனை சாக் வேண்டுமானாலும் மாட்டலாம் போலிருந்தது.

கீழே மல்லாந்து கிடந்தபோது ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ஒல்லியான கம்பி ஒன்று முகத்துக்கு நேரே இருந்தது. சேறு படிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டேன். அழகாகத் தெரியட்டும் என்று.

மதியத்துக்குள் முடிந்தது. தொட்டிக்கும் டயருக்கும் நடுவில் நான்கு விரல் போன இடத்தில் ஏழு விரல் போனது. பையனைத் தொட்டியில் ஏற்றிக் குதிக்கச் சொன்னோம். ஒரே அசைவு, நின்றது. அம்மா வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாடா பொண்ணு பாக்கப் போற மாதிரி நிக்குது" என்றாள். நான் கீழிருந்தும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்தேன்.

ஆடி அமாவாசை வந்தது. மேல்மலையனூரில் அங்காளம்மனுக்கு நடுராத்திரியில் ஊஞ்சல் உற்சவம். சென்னை, வேலூர், திருவண்ணாமலை, புதுச்சேரி என்று எல்லாத் திசையிலிருந்தும் ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், அது போதாமல் வேனும் காரும் ஷேர் ஆட்டோவும் வரும். சாயங்காலம் அண்ணன் கடைகளுக்குத் தேங்காயும் பூசணியும் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பி வந்து ஊர் ஜனத்தை ஏற்றினான். 22 பேர். தார்ப்பாய் விரித்து, நடுவில் சமையல் பாத்திரம், மொட்டை போட இரண்டு குழந்தைகள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது ஏற்றுகிறவனுக்கும் ஏறுகிறவர்களுக்கும் நடுவில் நின்று பார்க்கிற எனக்கும் தெரியும். என் ஃபீஸ் அப்படித்தான் வந்தது என்பதால் நான் எதுவும் சொன்னதில்லை.

பதினொன்றரைக்கு மீட்டிங் முடிந்தது. வி-கிராஸ் நண்பருக்குப் போட்டோக்களை அனுப்பினேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான். நெருப்பு எமோஜி இரண்டு வந்தது. பிறகு அந்தக் கம்பி இருந்த படத்தை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். "எல்எஸ்பிவி ராடை மாத்தி செட் பண்ணிட்டீங்கல்ல?"

அதற்குப் பிறகு படித்த பதினைந்து நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை. லோடு சென்சிங் வால்வு. காலி வண்டியில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும் என்பதால், பின்பிரேக்குக்குப் போகும் ஆயில் அழுத்தத்தைக் குறைத்து வைக்க ஒரு வால்வு. லோடு ஏறினால் பின்பிரேக்கும் பிடிக்க வேண்டும். லோடு ஏறியிருக்கிறதா என்று அந்த வால்வுக்கு எப்படித் தெரியும்? தொட்டி எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான். அதை அளந்து சொல்வது அந்த ஒல்லிக் கம்பி. நாங்கள் வண்டியை இரண்டு அங்குலம் தூக்கிவிட்டோம். 22 பேர் உட்கார்ந்திருந்தாலும் வால்வைப் பொறுத்தவரை வண்டியில் லோடு குறைவு, பின்பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தமும் குறைவு.

குவார்ட்டர் கார் மாடலில் பிரேக் கிடையாது. நான்கு வருடம் படித்ததில் ஓடுகிற வண்டியை மேலும் கீழும் ஆடவைத்தோமே தவிர, அதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அமாவாசை ராத்திரி அங்கே டவர் தாங்காது. அம்மாவை எழுப்பாமல் ஸ்பிளெண்டரை எடுத்தேன். எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். பாதி தூரத்திலேயே எதிரில் வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன, உற்சவம் முடிந்து திரும்பும் வேன்கள். ஒவ்வொரு ஹெட்லைட்டையும் அவன்தானோ என்று பார்த்தேன். ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஜனம் நடந்துகொண்டிருந்தது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டவர்கள், கையில் எலுமிச்சையும் வேப்பிலையுமாகப் பெண்கள், சாமி வந்து இறங்கிய களைப்பில் இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவரும் ஒருத்தி. இந்தக் கூட்டத்துக்குள் பிரேக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும் ஒரு பிக்கப்.

ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் பைக்கும் நகரவில்லை. ஒரு டீக்கடை ஓரத்தில் விட்டுவிட்டு நடந்தேன். வண்டிகள் நிறுத்தும் தரிசு நிலத்தில் நூறு பிக்கப்களாவது நின்றன. கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பின்பக்கம் தூக்கி நின்ற ஒரே வண்டி அதுதான்.

அண்ணன் கேபினில் காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தான். தொட்டியில் பாதிப் பேர் தூக்கம். மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்திருந்தது. மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். வால்வு, கம்பி, அழுத்தம்.

"தெரியும்டா" என்றான்.

"என்ன தெரியும்?"

"வளத்திகிட்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சி. மிதிச்சேன். முன்னாடி மூக்கு குத்துது, பின்னாடி புடிக்கல. அதுக்கப்புறம் மூணாவது கியரைத் தாண்டல." சட்டையால் முகத்தைத் துடைத்தான். "பட்டறைக்காரன் சொன்னது அந்தக் கம்பியத்தான் போலக்குது."

ஏன் என்னைத் திட்டவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. திட்டியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

"இவங்கள பஸ்ல அனுப்பிடலாம்ணா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு இறங்கிப் போய் ஒவ்வொருவராக எழுப்பினான். "வண்டில வேலை வச்சிடுச்சி பெரிம்மா. பஸ்ஸு நிறைய இருக்குது, ஏறிக்கங்க." பெரியம்மா விடவில்லை. வரும்போது நல்லாத்தானே வந்துது, பாத்திரத்தை யாரு தூக்குறது, ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தைங்களை வச்சிக்கினு எங்க போறது. எல்லாம் நியாயமான கேள்விகள். ஒருவர், "தம்பி கார் வாங்கிக் குடுத்துட்டானா, இனிமே எங்கள ஏத்த மாட்டியா" என்றார். அண்ணன் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தான், பஸ்ஸுக்கும் சேர்த்து. நான் பர்ஸை எடுத்தேன். "உள்ள வை" என்றான். பாத்திரங்களை மட்டும் வண்டியில் வைத்துக்கொண்டோம்.

காலி வண்டியை முப்பதில் ஓட்டி வந்தான். நான் பின்னால் பைக்கில் வந்தேன். என் ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த இரண்டு புது சாக்குகளும் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு அசைவு அசைந்து, நின்று, பளபளவென்று தெரிந்தன. வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தோம்.

மறுநாள் செஞ்சிப் பட்டறையில் கம்பியின் பிடியை மாற்றி, வால்வைச் செட் பண்ண இருபது நிமிடம் ஆனது. 300 ரூபாய். மணல் மூட்டை ஏற்றி, காலி மனையில் ஓட்டி, நான்கைந்து தடவை மிதித்துப் பார்த்தார்கள். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "சாக்கு நல்லா மாட்டிக்கிறீங்க" என்றார்.

அண்ணன் இப்போது 26 மூட்டை ஏற்றுகிறான். ஏன் 26 என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். அடுத்த அமாவாசைக்கு ஆள் ஏற்றவில்லை, கடைச் சரக்கு மட்டும் எடுத்தான். ஊர் ஜனம் வேறொரு பிக்கப்பில் போனது. அதற்கடுத்த அமாவாசைக்கு நான் பெங்களூரில் இருந்தேன். மறுநாள் காலை போன் பேசும்போது அம்மாவின் முழங்கால் வலி, மோட்டார் டைமர், பையனின் மார்க் எல்லாம் பேசினோம். அதைக் கேட்கவில்லை.